எட்டுக் குடம் தண்ணீர்

அன்புள்ள காளிராஜுக்கு,

அந்தப் படகு எஞ்சினைக் கெடுத்தது நீ இல்லை, நான். ஒன்பது வருடமாக என் வாயிலிருந்து வராத வாக்கியம் இது. அதனால்தான் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்திருந்தால் ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் எழுதிவிட்டு, இதை எழுதாமலே ஒட்டி அனுப்பியிருப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாணப் பத்திரிகை அடிப்பதைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாக நீ சொன்னாய்: "ஏம்மா, மேடையில எம் பக்கத்துல மாமா நிக்கட்டும். அப்பாவை மேல ஏறச் சொல்லி வற்புறுத்தாத. அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்." நான் "சரிலே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இப்படி இருந்திருக்காது. பந்தியில் எத்தனை இலை போடுவது என்று சொல்வதுபோலச் சொன்னாய். அந்த அளவுக்கு அது உனக்குப் பழகிப்போயிருக்கிறது. பெற்ற தகப்பன் இருக்கும்போது கல்யாணத்தில் அவர் இடத்தில் மாமன் நிற்பதற்குக் காரணம் நான் என்பது உனக்குத் தெரியாது. அதைத் தெரியாமலே நீ சங்கீதா கழுத்தில் தாலி கட்டக் கூடாது என்று நினைத்தேன்.

அந்த வருடம் நல்ல மழை. வெம்பக்கோட்டை அணை நிறைந்து கிடந்தது. உன் அப்பாவும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து மீன் குத்தகை எடுத்திருந்தார்கள். காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டு இந்தக் கரைக்கு வந்து சேர்வதற்குள் மீன் வண்டி கிளம்பிவிடுகிறது என்று, தூத்துக்குடிக்குப் போய் ஒரு பழைய படகு எஞ்சினை வாங்கி வந்தார். காய்கறி வேனில், வைக்கோலுக்கு நடுவே, கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல அதைக் கொண்டுவந்தார். நீ அப்போது டிப்ளமோ கடைசி வருடம், லீவில் வந்திருந்தாய். பின்வாசலில் மரச்சட்டம் அடித்து எஞ்சினை மாட்டினீர்கள். கீழே பெரிய நீல டிரம்மை வைத்து, அது நிறையத் தண்ணீர் ஊற்றி, எஞ்சினின் வால் பகுதியை அதில் முக்கி ஓட்டிப் பார்த்தீர்கள். எஞ்சின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளையிலிருந்து நூல்போலத் தண்ணீர் பீய்ச்சியது. அப்பா அதைத் தொட்டுக் காட்டி உனக்குச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "இது அடியில குளுந்த தண்ணியை உறிஞ்சி, சூட்டை எடுத்துக்கிட்டு இங்கன வெளிய விடுதுலே. உள்ள ஒரு ரப்பர் ரெக்கை சுத்துது, அதுதான் தண்ணியை ஏத்துது. தண்ணி இல்லாம ஓட்டுனா அந்த ரப்பர் கருகிரும். ரப்பர் போச்சுன்னா எஞ்சினும் போச்சு." நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியிருந்த நாட்கள் அவை. இருபது வருடம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவளுக்கு அந்த ஒரு மாதம் வீட்டில் கை சும்மா இருக்காது. நீயும் அப்பாவும் வலை வாங்க வெளியூர் போயிருந்தீர்கள். காலை பத்து மணி இருக்கும். பின்வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். எஞ்சின் அங்கே சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்த வேலையில் எதுவும் சத்தம் போடக் கூடாது, எதுவும் உரசக் கூடாது. என் கையால் ஒரு மெஷினை நான் ஓட்டியதே இல்லை. நீ பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பந்தை அமுக்கிப் பெட்ரோல் ஏற்றியதையும் கயிற்றை இழுத்ததையும் பார்த்திருந்தேன். ஒரு தடவை இழுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இல்லை.

டிரம் காலியாக இருந்தது. கொசு முட்டையிடும் என்று முந்தின நாள் நான்தான் தண்ணீரைச் செடிக்கு ஊற்றியிருந்தேன். அடுப்படியில் எட்டுக் குடம் தண்ணீர் வரிசையாக இருந்தது. குழாயில் தண்ணீர் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. எட்டுக் குடத்தையும் கொண்டுபோய் டிரம்மில் ஊற்றினால் குடிக்க என்ன செய்வது? ஒரு நிமிடம்தானே, சத்தம் வந்ததும் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன்.

மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ராசா, அதை மறைக்கக் கூடாது: எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கை வழியாக ஏறித் தோள்பட்டை வரை அதிர்ந்தது. நான் சிரித்தேன். பிறகு நிறுத்தலாம் என்று பார்த்தால் எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. நீ நிறுத்தியதை நான் கவனித்ததே இல்லை. எதை எதையோ திருகினேன், சத்தம் இன்னும் கூடியது. துளையில் தண்ணீர் வரவில்லை, எங்கிருந்து வரும்? ரப்பர் கருகும் வாடை வந்தது. கடைசியில் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தினேன், நின்றது. மூன்று நிமிடம் ஓடியிருக்கும். பக்கத்தில் போகவே சூடு அடித்தது. அது ஆறும் வரை விசிறி மட்டையால் வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அடிபட்ட ஆட்டுக்கு வீசுவதுபோல. பிறகு பழையபடி சாக்கைப் போட்டு மூடிவிட்டேன். சாயந்தரம் நீங்கள் வந்தபோது வாடை போய்விட்டது. ஒன்றும் ஆகியிருக்காது, இரும்பு மூன்று நிமிடம் தாங்காதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் கம்பெனியைப் பற்றி நீ அறியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அறைக்கு நாலு பேர் உட்கார்ந்து பட்டாசுக் குழாயில் வெடிமருந்து செலுத்துவோம். ஒருத்தி கையிலிருந்து மருந்து கொட்டிவிட்டால் அவள் உடனே சத்தமாக "கொட்டிட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் எல்லோரும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவோம். ஒரு சீசனில் எனக்கே அது நடந்தது. வேப்ப மரத்தடியில் போய் நின்றோம். போர்மேன் உள்ளே போய்த் தண்ணீர் தெளித்து, கூட்டி, சுத்தம் செய்துவிட்டு வந்தார். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர், "சொன்னீகல்ல, அது போதும்க்கா. போய் உக்காருங்க" என்றார். அத்தனை வருடமும் நாங்கள் உயிரோடு வீடு திரும்பியது அந்தப் பழக்கத்தால்தான். கம்பெனி வாசலைத் தாண்டியதும் அதே நான், என் வீட்டில், என் புருஷனிடம், "ஓட்டிட்டேன்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு திட்டு வாங்கியிருப்பேன். ஒரு ரப்பரை மாற்றியிருப்பார்கள்.

இரண்டு நாள் கழித்துப் படகில் எஞ்சினை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் நீங்கள் இருவரும் போனீர்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அக்கரையில் வலையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது நடு அணையில் எஞ்சின் நின்றுவிட்டது. காற்றில் படகு மதகுப் பக்கம் இழுத்துக்கொண்டு போக, நீங்கள் துடுப்புப் போட்டுக் கரைக்கு வர மதியமாகிவிட்டது. மீன் வண்டி போய்விட்டது. வெயிலில் மீன் முழுதும் கெட்டுப்போனது. உன் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. நான் எண்ணெய் தடவிவிட்டேன். தடவும்போதுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் தூத்துக்குடியிலிருந்து மெக்கானிக் வந்தார். குத்தகைப் பங்காளிகள் மூன்று பேரும் பின்வாசலில் சுற்றி நிற்க, அவர் எஞ்சினைப் பிரித்துக் கருகின ரப்பரைக் கையில் எடுத்துக் காட்டினார். "இது தண்ணிக்குள்ள ஓடி இப்படி ஆகாது. தரையில வச்சு, தண்ணி இல்லாம யாரோ ஓட்டியிருக்காக. அப்பமே ரெக்கை போயிருச்சு. அப்புறம் தண்ணிக்குள்ள போனாலும் ஏத்துறதுக்கு ஒண்ணும் இல்ல. சூடேறி பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு" என்றார். உன் அப்பா உன் பக்கம் திரும்பினார்.

"நான் இல்லாத நேரத்துல ஓட்டிப் பாத்தியாலே?"

"நான் தொடலைப்பா."

"வீட்டுல வேற யாருலே எஞ்சினைத் தொடுவா?"

அந்தக் கேள்விக்குப் பதில் ஐந்தடி தூரத்தில் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தது. ஆனால் அத்தனை ஆம்பளைகளில் ஒருத்தர் கண்கூட என் பக்கம் வரவில்லை. நான் அதைத் தொட்டிருப்பேன் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. அப்பா அடித்தார். உன் மூக்குக்கண்ணாடி தெறித்துப்போய் எஞ்சின் ஆயில் சிந்திக் கிடந்த இடத்தில் விழுந்தது. மெக்கானிக்தான் குனிந்து எடுத்துத் துடைத்து உன்னிடம் கொடுத்தார். நீ என்னைப் பார்த்தாய். நான் செய்தேன் என்று நீ சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை, அது எனக்குத் தெரியும். "எம் மகன் பொய் சொல்ல மாட்டான்" என்று நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று பார்த்தாய். நான் "பால் பொங்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். லீவு முடியும் முன்பே நீ ஹாஸ்டலுக்குக் கிளம்பினாய். கண்ணாடியில் இருந்த கீறலோடேயே கடைசிப் பரீட்சை எழுதி, அப்படியே சென்னைப் பக்கம் கார் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாய். சொல்வதற்கு வருடத்துக்கு ஒரு பொங்கல்தான் மிஞ்சியது. பொங்கலுக்கு நீ வந்தால், நீ சாப்பிட்டு எழும் வரை அவர் ஆட்டைப் பத்திக்கொண்டு வெளியே போய்விடுவார். "அவரைச் சாப்பிடச் சொல்லு" என்று நீ என்னிடம் சொல்வாய். "அவனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகலையா, கேளு" என்று அவர் என்னிடம் சொல்வார். நான் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் பேச்சைக் கடத்திக்கொண்டிருந்தேன். அவருக்கு வீம்பு என்று நீ நினைத்திருப்பாய். நீ வரும் அன்றைக்குக் காலையில் அவர் சவரம் பண்ணி, வெளுத்து வைத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் ஆட்டைப் பத்திக்கொண்டு போவார். அது உனக்குத் தெரியாது.

உன் போன் வந்த மூன்றாம் நாள் அவரிடம் சொன்னேன். இப்போது அவர் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறார் அல்லவா, காலையில் வேலை முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவட்டும் என்று காத்திருந்து சொன்னேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த எஞ்சினை ஓட்டினது நான்."

"எந்த எஞ்சினை?"

"படகு எஞ்சினை. நீங்க ரெண்டு பேரும் வலை வாங்கப் போயிருந்தீகல்ல, அன்னைக்கு."

வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி இல்லாமலா?"

"தண்ணி இல்லாமத்தான்."

"எம்புட்டு நேரம்?"

"மூணு நிமிசம் இருக்கும். நிப்பாட்டத் தெரியல."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். செருப்புக்கூடப் போடவில்லை. நான் அடிக்குப் பயப்படவில்லை, இந்த வயதில் என்ன அடி. அவர் திரும்பி வரமாட்டாரோ என்றுதான் பயந்தேன். மத்தியானம் வந்தார். முற்றத்தில் என் எதிரே தரையில் உட்கார்ந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் வேறொன்று சொன்னார்.

"அவன் சொன்னான் புள்ள. கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போகல. 'அப்பா, துளையில தண்ணி பீய்ச்சலை, ஆப் பண்ணிருவோம்'ன்னான். 'பாசி அடைச்சிருக்கும், தானா சரியாகும், ஓட்டு, வண்டி போயிரும்'ன்னு நான்தான் சொன்னேன். திரும்பி வரும்போதும் சொன்னான். 'ரெண்டு புத்தகம் படிச்சிட்டு எனக்குச் சொல்லித் தர்றியாக்கும்'ன்னேன். அதுக்கப்புறம் அவன் வாயைத் திறக்கல. கொஞ்ச நேரத்துல எஞ்சின் நின்னுபோச்சு."

நீ இதை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. உள்ளங்கையில் எண்ணெய் தடவியபோதுகூடச் சொல்லவில்லை.

"அவன் சொன்னப்பவே நிப்பாட்டியிருந்தா ரப்பர் மட்டும்தான் போயிருக்கும். எஞ்சினைக் கொன்னது நான். பங்காளிக என்னைத்தான் கேப்பாகன்னு ராத்திரியெல்லாம் தூங்கல. மெக்கானிக் வந்து, யாரோ தரையில ஓட்டியிருக்காகன்னு சொன்னாரா, எனக்கு ஒரு ஆளு கிடைச்ச மாதிரி ஆயிருச்சு."

அதைச் சொல்லிவிட்டு மனுஷன் குனிந்துகொண்டார். இத்தனை வருடமும் ஒரே வீட்டில், ஒரே பானையில் சாப்பிட்டுக்கொண்டு, நான் என் தப்பை மறைத்துவைத்திருந்தேன், அவர் அவர் தப்பை மறைத்துவைத்திருந்தார். இரண்டையும் சேர்த்து உன் தலையில் வைத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டோம். அன்றைக்கு அந்தப் பின்வாசலில் நின்றவர்களில் எந்தத் தப்பும் செய்யாதவன் நீ ஒருத்தன்தான். தண்ணீர் இல்லாமல் ஓட்டவும் இல்லை. நிறுத்திவிடுவோம் என்றும் சொன்னாய்.

நீ குடும்பஸ்தன் ஆகப் போகிறாய். அம்மா என்ற முறையில் நாலு புத்தி சொல்ல வேண்டும். இதையெல்லாம் எழுதிய பிறகு எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன். உன் கையில் ஏதாவது கெட்டுப்போனால் அன்றைக்கே சங்கீதாவிடம் சொல்லிவிடு. அவள் வந்து சொன்னால் எங்கள் போர்மேன் சொன்னதுபோல, சொன்னாயே, அது போதும் என்று சொல். வேலை மும்முரத்தில் இருக்கும்போது அவள், "இது சரியில்லை, நிறுத்துங்க" என்றால் நிறுத்திவிட்டு என்னவென்று பார். அவள் சொன்னது தப்பாகவே இருந்தாலும் பத்து நிமிடம்தான் போகும். நாளைக்குப் பிள்ளை பிறந்து, அது "நான் செய்யலை" என்று சொன்னால், முதலில் நம்பு. பிறகு விசாரி. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. எல்லாமே செய்யாமல் விட்டுத் தெரிந்துகொண்டது.

நான் கடிதம் எழுதப்போகிறேன் என்றதும், "நான் சொன்னதையும் எழுது, ஒண்ணும் விடாம எழுது" என்றார் அப்பா. எழுதிய வரைக்கும் வாசித்துக் காட்டினேன். "அப்பா கோபத்தில் அடித்தார்" என்று முதலில் எழுதியிருந்தேன். அந்த இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார். "கோபம்னு எழுதாத. எம் மேல பழி வந்துரக் கூடாதுன்னு அடிச்சேன். கோவத்துல அடிச்சிருந்தா மறுநாளே அவன்கிட்டப் பேசியிருப்பேன்" என்றார். அதனால்தான் மேலே ஒரு வார்த்தையைப் பேனாவால் அடித்திருக்கிறேன்.

மேடையில் யார் நிற்பது என்பதை நீயும் சங்கீதாவும் முடிவு செய்யுங்கள். மாமாவே நின்றாலும் நாங்கள் இரண்டு பேரும் முன் வரிசையில் உட்கார்ந்து அட்சதை போடுவோம், முகம் சுளிக்க மாட்டோம். அதைக் கேட்டு வாங்குவதற்காக இதை எழுதவில்லை. நீ பொய் சொல்லவில்லை என்று உன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் எழுதினேன்.

கடிதத்தைத் தபாலில் போடலாம் என்றேன். "குடு, நான் கொண்டு போறேன்" என்றார். "போய் என்ன சொல்வீக?" என்று கேட்டேன். "எனக்கு அவ்வளவா சொல்ல வராது. அவன் படிக்கட்டும். நான் நிக்கேன்" என்றார். அவர் இதுவரை மதுரையைத் தாண்டிப் போனதில்லை. உன் விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரை மஞ்சள் பையில் இருக்கிறது, சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று. நீ இதைப் படித்து முடிக்கும்போது அவர் உன் எதிரேதான் இருப்பார். பஸ்ஸில் வந்த களைப்பு, முழங்கால் வலி வேறு. நீ சொல்லாமல் உட்கார மாட்டார். உனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் இருக்கட்டும், அதைப் பிறகு பேசிக்கொள். முதலில் அவரை உட்காரச் சொல், ராசா.

அம்மா